இசையும் இசைமையும்: ‘அபிமான்’ (1973) திரைப்படத்தில் குரல், புகழ், இல்லறம்

ஆய்வுச்சுருக்கம்

ஹ்ருஷிகேஷ் முகர்ஜியின் இயக்கத்தில் 1973ஆம் ஆண்டு வெளிவந்த ‘அபிமான்’ என்னும் இந்தித் திரைப்படம், பாடகர்களான கணவன் மனைவியரிடையே மனைவியின் புகழ் உயர்ந்தபோது எழும் பிளவைக் கதைப்பொருளாகக் கொண்டது. இப்படத்தைப் பற்றிய பேச்சு பெரும்பாலும் நடிப்பையும் பாடல்களின் இனிமையையும் சார்ந்தே அமைந்துள்ளது. பாடல்கள் எவ்வாறு பங்கிடப்பட்டுள்ளன, யாருடைய குரல் எங்கே ஒலிக்கிறது, எங்கே ஒலிக்காமல் போகிறது என்னும் வினாக்களை முன்வைத்து இக்கட்டுரை படத்தை அணுகுகிறது. தலைப்புச் சொல்லின் பொருள் வேறுபாடுகள், ஏழு பாடல்களின் அமைப்பு, தொல்காப்பிய மெய்ப்பாட்டுக் கோட்பாடு, திருக்குறளின் ஊடல் பற்றிய கருத்து ஆகியன இவ்வாய்வுக்குத் துணையாகின்றன. படத்தின் இசையமைப்பு, அதன் கதை சொல்லத் தயங்கிய ஒன்றையும் சொல்லிவிடுகிறது என்பது இங்கு நிறுவப்படுகிறது.

திறவுச்சொற்கள்: அபிமான், ஹ்ருஷிகேஷ் முகர்ஜி, எஸ்.டி. பர்மன், பின்னணிக் குரல், மெய்ப்பாடு, ஊடல், பெருமிதம்.

முன்னுரை

தமிழில் ‘இசை’ என்னும் சொல் பாட்டையும் குறிக்கும், புகழையும் குறிக்கும். ஒரே சொல் இவ்விரண்டையும் தாங்கி நிற்பது தற்செயலன்று. பாடப்படுவது பரவும், பரவுவது புகழாகும். ஆனால் பாட்டு இருவரால் பகிர்ந்து கொள்ளத்தக்கது, புகழ் அவ்வாறன்று. இருவர் சேர்ந்து பாடிய பாட்டிலும் கேட்போர் ஒருவரையே மிகுதியாகப் போற்றக்கூடும். இசை என்னும் சொல்லின் இவ்விரு பொருள்களுக்கும் இடையிலுள்ள இடைவெளியில்தான் ‘அபிமான்’ படத்தின் சிக்கல் முழுவதும் நிகழ்கிறது.

இந்தித் திரையுலகில் பாடகர்களைக் கதைமாந்தராகக் கொண்ட படங்கள் பல உண்டு. அவற்றுள் பெரும்பாலானவற்றில் பாட்டு காதலுக்குத் துணையாகவோ கதைமாந்தரின் தொழிலுக்கு அடையாளமாகவோ அமையும். ‘அபிமான்’ படத்தில் பாட்டே பூசலுக்குக் காரணமாகிறது. எனவே அதன் பாடல்களைக் கதையிலிருந்து பிரித்துச் சுவைப்பது ஒரு வகையில் படத்தைப் பாதியளவே காண்பதாகும். பாடல்களின் வைப்புமுறையையும் குரல் பங்கீட்டையும் கதையோடு இணைத்து நோக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

படமும் அதன் காலமும்

‘அபிமான்’ 1973ஆம் ஆண்டு ஜூலை 27ஆம் நாள் வெளிவந்தது. அமிதாப் பச்சன் சுபீர் குமாராகவும் ஜயா பாதுரி உமாவாகவும் நடித்தனர். அவ்விருவரும் அதே ஆண்டு ஜூன் 3ஆம் நாள் மணம் புரிந்துகொண்டவர்கள். அமிதாப் பச்சனுக்குச் சினங்கொண்ட இளைஞன் என்னும் தோற்றத்தைத் தந்த ‘ஜஞ்சீர்’ அவ்வாண்டு மே மாதத்தில் வெளியாகியிருந்தது. இரண்டு மாத இடைவெளியில் வந்த இவ்விரு படங்களிலும் அந்நடிகர் வெளிப்படுத்துவது சினமே. ஒன்றில் அச்சினம் சமூகக் கேட்டினை நோக்கியது; மற்றொன்றில் தன் மனைவியின் திறமையை நோக்கியது. முதலாவது வீரமாகக் கொண்டாடப்பட்டது. இரண்டாவது ஆணின் சினத்துக்குள் ஒளிந்திருக்கும் அச்சத்தை அடையாளம் காட்டியது.

இசையமைத்த எஸ்.டி. பர்மன் 1906ஆம் ஆண்டு கொமில்லாவில், திரிபுரா அரச மரபைச் சார்ந்த குடும்பத்தில் பிறந்தவர். வங்காள நாட்டுப்புற இசையும் செவ்வியல் பயிற்சியும் அவருடைய மெட்டுகளின் அடித்தளம். ‘அபிமான்’ வெளிவந்தபோது அவர் அறுபத்தாறு வயதினர். 1975ஆம் ஆண்டு மறைந்தார். எனவே இப்படத்தின் பாடல்கள் அவருடைய இறுதிக்காலப் படைப்புகளுள் அடங்கும். இவற்றுக்காக அவர் பிலிம்பேர் விருது பெற்றார். 1954ஆம் ஆண்டு வெளிவந்த ‘டாக்ஸி டிரைவர்’ படத்திற்குப் பின் அவருக்குக் கிடைத்த இரண்டாவது சிறந்த இசையமைப்பாளர் விருது இதுவாகும். பாடல்களை இயற்றியவர் உருதுக் கவிஞர் மஜ்ரூஹ் சுல்தான்புரி. சிறந்த நடிகைக்கான பிலிம்பேர் விருதை ஜயா பாதுரி ‘பாபி’ படத்தில் நடித்த டிம்பிள் கபாடியாவுடன் பகிர்ந்துகொண்டார்.

கதை சுருக்கமானது. மேடையிலும் இசைத்தட்டிலும் புகழ்பெற்ற பாடகன் சுபீர், தன் அத்தை வாழும் ஊருக்குச் செல்கிறான். தந்தையிடம் இசை பயின்ற உமாவின் பாட்டைக் கேட்டு மனம் பறிகொடுத்து அவளை மணக்கிறான். திருமண வரவேற்பில் இருவரும் சேர்ந்து பாடுகின்றனர். இனி இருவரும் இணைந்தே பாடுவதாகச் சுபீர் அறிவிக்கிறான். காலப்போக்கில் ரசிகர்களும் தயாரிப்பாளர்களும் உமாவை நாடத் தொடங்குகின்றனர். சுபீரின் உள்ளத்தில் பொறாமை வேரூன்றுகிறது. அவன் குடியிலும் வேறு நட்பிலும் ஒதுங்குகிறான். உமா தந்தையின் இல்லம் செல்கிறாள். கருச்சிதைவுற்று, பேச்சும் அழுகையும் அற்றவளாகிறாள். இறுதியில் சுபீர் மேடையில் பாட, அவளும் அழுது பாடுகிறாள்.

தலைப்பின் மூன்று பொருள்கள்

தலைப்பிலுள்ள வடசொல் மூன்று மொழிகளில் மூன்று வகையாகப் பொருள்படுகிறது. இந்தியில் ‘அபிமான்’ என்பது பெரும்பாலும் செருக்கு, தற்பெருமை என்னும் பொருளில் வழங்கும். வங்காளத்தில் அச்சொல் அன்புடையோரிடம் மட்டுமே கொள்ளும் மனத்தாங்கலைக் குறிக்கும். அயலாரிடம் அவ்வுணர்வு தோன்றுவதில்லை. தமிழில் ‘அபிமானம்’ தன்மதிப்பு என்னும் பொருளைத் தாங்கியிருந்தும், இன்றைய வழக்கில் பற்று, ஈடுபாடு என்னும் பொருளே மேலோங்கியுள்ளது. ஒருவரின் ‘அபிமானப் பாடகர்’ என்றால் அவர் நெஞ்சில் இடம்பெற்ற பாடகர் என்றே தமிழர் கொள்வர்.

இயக்குநர் முகர்ஜியும் இசையமைப்பாளர் பர்மனும் வங்காளிகள். படம் இந்தியில் அமைந்தது. ஆகவே தலைப்பின் இந்திப் பொருளும் வங்காளப் பொருளும் படத்துக்குள்ளேயே இயங்குகின்றன எனக் கொள்ள இடமுண்டு. சுபீரிடம் காணப்படுவது இந்தி அபிமானம். உமாவிடம் காணப்படுவது வங்காள அபிமானம். அவள் கணவனைக் குறைகூறுவதில்லை, எதிர்த்து வாதிடுவதுமில்லை, பேச்சை நிறுத்திக்கொள்கிறாள். மொழியைத் துறக்குமளவுக்கு ஆழ்ந்த மனத்தாங்கல் அது. தமிழ்ப் பொருளோ படக்குழுவின் நோக்கில் இருந்திருக்க வாய்ப்பில்லை. ஆயினும் தமிழ்ப் பார்வையாளருக்கு அது கதையின் தோற்றுவாயைக் காட்டுகிறது: ரசிகரின் அபிமானம் ஒருவரிடமிருந்து மற்றவரிடம் இடம்பெயர்வதே கணவனின் செருக்கைக் கிளறுகிறது, அச்செருக்கே மனைவியின் மனத்தாங்கலாக முடிகிறது.

ஏழு பாடல்களின் அமைப்பு

படத்தில் ஏழு பாடல்கள் உள்ளன. அவற்றைப் பாடியோர் அடிப்படையில் வகைப்படுத்தினால் ஓர் உண்மை புலப்படும். ‘மீத் ந மிலா’ எனத் தொடங்கும் பாடல் மட்டுமே ஆண்குரல் தனித்துப் பாடுவது. அதைப் பாடியவர் கிஷோர் குமார். ‘நதியா கினாரே’, ‘அப் தோ ஹை தும்ஸே’, ‘பியா பினா’ ஆகிய மூன்றும் லதா மங்கேஷ்கரின் தனிப்பாடல்கள். எஞ்சிய மூன்றும் இருகுரல் பாடல்கள். ‘தேரி பிந்தியா ரே’ பாடலில் லதாவுடன் முகமது ரஃபியும், ‘லூட்டே கோயி மன் கா நகர்’ பாடலில் மன்ஹர் உதாஸும், ‘தேரே மேரே மிலன் கீ’ பாடலில் கிஷோர் குமாரும் பாடியுள்ளனர். இவ்வேழனுக்கும் புறம்பாகக் கிராமத்தில் உமா பாடும் வடமொழிச் சிவதுதி ஒன்றும் உண்டு. அதைப் பாடியவர் அனுராதா பௌட்வால். அவருடைய திரைப்பயணம் அத்துதியிலிருந்தே தொடங்கியது.

இக்கணக்கின்படி, ஏழு பாடல்களுள் ஆறில் உமாவின் குரல் ஒலிக்கிறது. புகழ்பெற்ற பாடகன் என அறிமுகமாகும் சுபீருக்கோ முதற்பாடலுக்குப் பின் தனிப்பாடல் ஒன்றுகூட இல்லை. பார்வையாளர் அவனைத் தனித்துப் பாடுபவனாகக் கேட்பது ஒருமுறையே. அதன்பின் அவன் பாடும்போதெல்லாம் அவள் உடனிருக்கிறாள். அவள் பாடும்போதோ அவன் உடனிருக்க வேண்டிய தேவை இல்லை. ரசிகர் எவரும் உமாவைத் தேடி வருவதற்கு முன்பே, பாடல்களின் பங்கீடு அவளுடைய உயர்வை அறிவித்துவிடுகிறது. சுபீர் பின்னர் உணரப்போவதைப் பார்வையாளரின் செவி முன்னரே உணர்ந்துவிடுகிறது. இதுவே இசைவழிக் கதைகூறலின் பயன்.

முதற்பாடலின் பொருளும் நோக்கத்தக்கது. மனத்துக்கு இசைந்த துணை கிடைக்கவில்லை என்பதே அதன் கருத்து. கூட்டத்தின் நடுவே நின்று, தன்னைக் கொண்டாடுவோர் கேட்க, தனக்கென எவருமில்லை என ஒருவன் துள்ளலான மெட்டில் பாடுகிறான். அபிமானிகள் பலர் சூழ்ந்திருந்தும் துணை ஒன்று இல்லாத வாழ்க்கை அவனுடையது. படத்தின் பிற்பகுதியில் இந்நிலை தலைகீழாகிறது: துணை கிடைக்கிறது, அபிமானிகள் விலகுகின்றனர். இரண்டில் எது தனக்கு இன்றியமையாதது என்னும் வினாவுக்கு அவன் முதலில் அளிக்கும் விடை, அவன் பாடிய பாட்டையே பொய்யாக்கிவிடுகிறது.

ஒரு தலைவன், மூன்று குரல்கள்

சுபீருக்கு மூன்று பாடகர்கள் குரல் கொடுத்துள்ளனர். உமா பாடும் ஆறு பாடல்களுக்குரிய குரல் லதாவினுடையது மட்டுமே. பாடகனைப் பற்றிய ஒரு படத்தில் அப்பாடகனுக்கு நிலையான குரல் இல்லை என்பது முதல்நோக்கில் குறையாகத் தோன்றலாம். அக்காலத் திரைத்தொழிலின் வழக்கத்தை அறிந்தோர் இதை வியப்பாகக் கருதமாட்டார்கள். எஸ்.டி. பர்மனே 1965இல் ‘கைடு’ படத்தில் தேவ் ஆனந்துக்கும், 1969இல் ‘ஆராதனா’ படத்தில் ராஜேஷ் கன்னாவுக்கும் ரஃபி, கிஷோர் ஆகிய இருவரின் குரல்களையும் பயன்படுத்தியுள்ளார். மெட்டுக்கேற்ற குரலைத் தேர்வதே அவருடைய முறை. ஆகவே ‘அபிமான்’ படத்தின் குரல் பங்கீட்டைத் திட்டமிட்ட குறியீடு எனக் கூறுவது மிகையாகும்.

எனினும் படைப்பாளியின் நோக்கத்துக்கும் படைப்பின் விளைவுக்கும் வேறுபாடு உண்டு. பிற படங்களில் பாட்டு என்பது கதைமாந்தரின் உள்ளப்போக்கை உணர்த்தும் உத்தி. அவர் உண்மையில் பாடுகிறாரா என்னும் வினா எழுவதில்லை. ‘அபிமான்’ படத்தில் கதைமாந்தரின் அடையாளமே குரல்தான். சுபீரின் இசைத்தட்டை வாங்கும் ரசிகர் அவனது குரலைத்தான் வாங்குகிறார். அத்தகைய குரல் பாடலுக்குப் பாடல் மாறும்போது, அவனுக்கு உறுதியான நிலைப்பாடு இல்லை என்னும் உணர்வு செவிவழியே படிகிறது. கிஷோரின் துள்ளலோடு அறிமுகமாகி, ரஃபியின் குழைவோடு மணமகனாகி, மன்ஹர் உதாஸின் மென்மையோடு மனைவியுடன் இணைந்து பாடி, இறுதியில் மீண்டும் கிஷோரின் குரலுக்குத் திரும்புகிறான் சுபீர். அவன் தன் குரலைத் தொலைத்து மீட்டவன் என இதனைப் படிக்க இயலும். உமாவோ தொடக்கம் முதல் இறுதி வரை மாறாத குரலினள். எனவே அவள் பாடாதிருக்கும் மௌனம் பெரும் இழப்பாக உணரப்படுகிறது. ஒருமைப்பட்ட குரல் நின்றுபோகும்போதுதான் அதன் இன்மை கேட்கும்.

அந்த ஒருமைக்குப் புறம்பாக நிற்பது சிவதுதி மட்டுமே. அது சந்தைக்கு வராத பாட்டு. எவருக்காகவும் பதிவு செய்யப்படாதது. சுபீர் உமாவிடம் முதலில் நாடியது அத்தகைய பாட்டைத்தான். அதைத் தன் உலகத்துக்குள் அழைத்து வந்தவனும் அவனே. இவ்வகையில், பின்னர் தான் பகைக்கப்போகும் புகழை அவன் தன் கையாலேயே விதைக்கிறான்.

பணிவின் சொற்களும் புகழின் விளைவும்

மஜ்ரூஹின் வரிகளில் உமாவுக்குரிய பொருள்கள் பெரும்பாலும் மனைவாழ்வைச் சார்ந்தவை. ஆற்றங்கரையில் தவறவிட்ட கைவளை, கணவனின் உறக்கத்தைக் கவரும் நெற்றிப்பொட்டு, துணைவன் இல்லாமல் ஒலிக்க மறுக்கும் குழல் ஆகியன அவளுடைய பாடுபொருள்கள். தன் மகிழ்ச்சி அனைத்தும் அவனால் விளைந்தது, அவனுக்காக உயிர்விடுவதே வாழ்வு என்னும் கருத்தமைந்த பாடலும் உண்டு. சொல்லளவில் நோக்கினால் இவற்றைவிடப் பணிவான பாடல்கள் அரியன.

ஆயினும் இப்பணிவின் பாடல்களே அவளைக் கணவனைவிட உயர்ந்த பாடகியாக்குகின்றன. பாட்டின் பொருள் அவனுக்கு அடங்கியது. பாட்டின் பயன் அவனை மீறியது. உமா எதையும் எதிர்த்துப் பாடவில்லை. அவனைப் போற்றிப் பாடியதையே உலகம் விரும்பிக் கேட்டது. இந்த முரணைச் சுபீரால் தாங்க இயலவில்லை. அவளுடைய சொற்களில் குற்றம் காண வழியில்லாததால், அவனது சினத்துக்குச் சொல்லத்தக்க காரணம் எதுவும் கிடைப்பதில்லை. சொல்ல இயலாத சினமே குடியாகவும் புறக்கணிப்பாகவும் வெளிப்படுகிறது. மனைவி எவ்வளவு பணிந்தாலும் அவளுடைய திறமை பணியாது என்னும் உண்மையை இப்பாடல்கள் மெய்ப்பிக்கின்றன. இல்லறத்தில் பணிவே அமைதி தரும் என நம்புவோருக்கு இப்படம் அளிக்கும் மறுமொழி இங்குதான் உள்ளது.

பிளவு நேரவிருப்பதை முன்னுரைப்பவர் டேவிட் ஏற்று நடித்த பிரஜேஷ்வர்லால் என்னும் முதியவர். வரவேற்பில் இருவரும் பாடுவதைக் கேட்ட அளவிலேயே, உமாவின் திறம் மேம்பட்டது என்பதையும் அதனால் வரவிருக்கும் இடரையும் அவர் உணர்கிறார். அங்கு பாடப்படும் பாடல் இருவருக்கும் இடமளிக்கும் இன்பப் பாடல். அதில் போட்டியின் சாயல் ஏதுமில்லை. போட்டி பாட்டில் இல்லை. கேட்பவரின் ஒப்பீட்டில்தான் பிறக்கிறது.

ஊடலா, அழுக்காறா?

கணவன் மனைவியரிடையே எழும் இப்பூசலை ஊடல் எனக் கருதலாமா என்னும் வினா தமிழ்மரபு அறிந்தோருக்கு இயல்பாகவே எழும். ஊடல் மருதத் திணையின் உரிப்பொருள். அங்கு ஊடலுக்குக் காரணம் பெரும்பாலும் தலைவனின் பரத்தமை, ஊடுபவள் தலைவி, வாயில் வேண்டி நிற்பவன் தலைவன். ‘அபிமான்’ படத்தில் குற்றம் ஏதுமற்ற தலைவியிடம் தலைவன் ஊடுகிறான். அவள் பாடுவதை நிறுத்தவும் முன்வந்து அவனை அமைதிப்படுத்த முயல்கிறாள். அம்முயற்சியே அவனை மேலும் புண்படுத்துகிறது. தனக்காக விட்டுக்கொடுக்கப்படும் புகழ் தன் தாழ்வை உறுதிப்படுத்துவதாக அவனுக்குத் தோன்றுகிறது.

திருவள்ளுவர் ஊடலை உணவிலிடும் உப்புக்கு ஒப்பிட்டு, அளவு மிகுந்தால் கெடும் என்கிறார். ஊடலில் தோற்றவரே வென்றவர் என்பதும் அவருடைய கருத்து. ஊடல் இன்பமாவதற்கு இருவரும் தோற்க விரும்ப வேண்டும் என்பது இதன் உட்பொருள். சுபீரால் தோற்க இயலவில்லை. அவனுக்கு இல்லறமும் தொழில்மேடையும் ஒன்றாகிவிட்டன. மேடையில் தோற்பவன் வீட்டில் எவ்வாறு மகிழ்வான்? ஆகவே அவனிடம் தோன்றியது ஊடலன்று, அழுக்காறு. ஊடலின் உடை அணிந்து வந்த அழுக்காறு என்பதால்தான் உமாவால் அதை உடனே இனங்காண முடியவில்லை.

தொல்காப்பியர் பெருமிதம் என்னும் மெய்ப்பாட்டுக்குக் கல்வி, தறுகண், இசைமை, கொடை என நான்கு நிலைக்களன்களை வகுத்துள்ளார். இசைமை என்பதைப் புகழ்மை எனவும் பாடங்கொள்வர். கல்வியும் இசைமையும் இங்கு வெவ்வேறாக எண்ணப்பட்டுள்ளமை கருதத்தக்கது. உமாவின் பெருமிதம் கல்வியில் வேர்கொண்டது. தந்தையிடம் பயின்ற பயிற்சி புகழ் வந்தாலும் போனாலும் அவளை விட்டு நீங்காது. சுபீரின் பெருமிதம் இசைமையை மட்டும் சார்ந்தது. பிறர் கொடுத்தாலன்றி அது இல்லை. பிறர் தந்ததைப் பிறர் திரும்பப் பெற்றதும் அவனிடம் எஞ்சியது இளிவரல். தன்னைத் தானே இழிவாக உணர்ந்தவன் அவ்விழிவுக்குக் காரணமாக மனைவியைக் கருதுகிறான்.

‘அனுராதா’விலிருந்து ‘அபிமான்’ வரை

முகர்ஜி 1960ஆம் ஆண்டு இயக்கிய ‘அனுராதா’ படத்தையும் இங்கு நினைவுகூர்தல் தகும். பண்டிட் ரவிசங்கர் இசையமைத்த அப்படத்தில், வானொலிப் பாடகியான அனுராதா ஊர்ப்புற மருத்துவரை மணந்து பாட்டைக் கைவிடுகிறாள். கணவன் நல்லவன்; ஏழைகளுக்காக உழைப்பவன். மனைவி எதை இழந்தாள் என்பதை மட்டும் அவன் கவனிப்பதில்லை. வெளியிலிருந்து வரும் முதிய மருத்துவர் ஒருவரே அவளுடைய தியாகத்தை எடுத்துக்காட்டுகிறார். இரண்டு படங்களிலும் மனைவியின் குரலை மதித்து உணர்பவர் கணவனல்லாத ஒரு முதியவர் என்பது ஒற்றுமை. வேறுபாடு யாதெனில், அனுராதாவின் கணவன் அவள் பாட்டை மறந்தவன். உமாவின் கணவனால் அதை மறக்க இயலவில்லை. மறதியால் விளைந்த மௌனத்திலிருந்து பொறாமையால் விளைந்த மௌனத்துக்கு இயக்குநரின் சிந்தனை பதின்மூன்று ஆண்டுகளில் நகர்ந்துள்ளது. மனைவியின் திறமைக்கு இல்லறம் கேட்கும் விலை என்ன என்பதே அவர் இருமுறையும் எழுப்பிய வினா.

‘அபிமான்’ படக்கதை இன்ன கலைஞர் இணையரின் வாழ்விலிருந்து எடுக்கப்பட்டது எனப் பலவாறு பேசப்படுவதுண்டு. அமெரிக்கத் திரைப்படமான ‘எ ஸ்டார் இஸ் பார்ன்’ கதையோடு ஒப்பிடுவோரும் உளர். முதல்வகைப் பேச்சு படத்தின் சிக்கலைத் தனிமனிதர் வாழ்க்கைச் செய்தியாகச் சுருக்கிவிடுகிறது. இரண்டாவது ஒப்பீடோ பயனுடையது. அமெரிக்கக் கதையில் மனைவி உயர, வீழ்ந்த கணவன் உயிர்விடுகிறான். இந்திக் கதையில் வீழ்ச்சியின் விலையைக் கணவன் செலுத்துவதில்லை. மனைவியின் கருவும் குரலும் அவ்விலையாகின்றன. யார் இழக்கிறார் என்பதில்தான் இவ்விரு கதைகளின் சமூகப் பின்னணியும் பிரிகிறது.

இறுதிப்பாடல்: அழுகையும் மீட்சியும்

இறுதிக்காட்சியில் உமா மேடையருகே உணர்வற்றவளாக அமர்ந்திருக்கிறாள். தங்கள் இணைவின் இரவு புதுமலர் ஒன்றை மலர்விக்கும் என்னும் நம்பிக்கையைக் கருவாகக் கொண்ட பாடலைச் சுபீர் பாடுகிறான். பிறக்காமல் போன குழந்தைக்காக முன்பு கண்ட கனவே அப்பாடல். மகிழ்ச்சிக்காக அமைந்த சொற்கள் இழப்புக்குப் பின் பாடப்படும்போது ஒப்பாரியின் தன்மையைப் பெறுகின்றன. சொல் மாறவில்லை, மெட்டு மாறவில்லை, பாடும் காலம் மட்டுமே மாறியுள்ளது. எதிர்காலத்தைப் பாடிய பாட்டு இறந்தகாலத்தைப் பாடுவதாகிறது.

தொல்காப்பியர் அழுகைக்கு இளிவு, இழவு, அசைவு, வறுமை என நான்கு காரணங்கள் கூறுவார். உமா இளிவையும் இழவையும் ஒருங்கே அடைந்தவள், ஆனால் அழாதவள். மெய்ப்பாடு மெய்யில் வெளிப்படாது உள்ளே உறைந்த நிலை அது. அழச்செய்வதே மருந்து எனப் படம் கருதுவது மெய்ப்பாட்டுக் கோட்பாட்டுக்கு மிகவும் அணுக்கமானது. அவள் கண்ணீர் வழியப் பாடத் தொடங்கும்போது கிஷோரின் குரலோடு லதாவின் குரல் இணைகிறது. முதற்பாடலில் தனித்து ஒலித்த குரலும், பின்னர் தனித்து உயர்ந்த குரலும் அங்கு ஒன்றையொன்று சேர்கின்றன.

இம்மெட்டின் தொடக்கம் தாகூரின் ‘ஜோதி தாரே நாயி சினி கோ’ என்னும் வங்கப்பாடலைத் தழுவியது. தான் அடையாளம் காணாவிடினும் வரவிருப்பவர் தன்னை அடையாளம் கண்டுகொள்வாரா என்னும் ஏக்கம் அவ்வங்கப்பாடலின் கரு. அதை அறிந்து கேட்போருக்கு இக்காட்சி மேலும் ஆழம் பெறும். யாரையும் அடையாளம் காணாத நிலையில் இருக்கும் உமாவை, இதுவரை அவளைச் சரிவர அறியாத சுபீர் அறிந்துகொள்ளும் இடம் அது.

எனினும் இம்முடிவு ஒரு வினாவை விடையின்றி விட்டுச்செல்கிறது. உமா மீண்டும் பாடுகிறாள். ஆனால் கணவனுடன், கணவனின் அழைப்பின் பேரில், இருகுரல் பாடலாகவே பாடுகிறாள். அவள் மீண்டும் தனித்துப் பாடுவாளா? மீண்டும் ரசிகர் அவளை மட்டும் சூழ்ந்தால் சுபீர் என்ன செய்வான்? படம் இதைக் காட்டவில்லை. கணவன் திருந்தினான் என்பதற்கு அவனது கண்ணீர் சான்று. மனைவியின் வெற்றியைத் தாங்குவான் என்பதற்குச் சான்று இல்லை. மனைவி சிதைந்த பின் இரங்குவது எளிது. அவள் உயர்ந்து நிற்கும்போது மகிழ்வதே கடினம். எளிதானதைக் காட்டிக் கடினமானதைத் திரைக்கு அப்பால் நிறுத்தியது படத்தின் எல்லை எனலாம்.

நிறைவுரை

‘அபிமான்’ மனைவியின் திறமையைக் கணவனின் திறமைக்கு மேலாக வைத்துப் பேசத் துணிந்த படம். அத்துணிவை இறுதிவரை கொண்டுசெல்லத் தயங்கிய படமும் ஆகும். கதை தயங்கிய இடத்தில் இசை தயங்கவில்லை. ஏழில் ஆறு பாடல்களில் ஒலிக்கும் ஒரே பெண்குரலும், பாடலுக்குப் பாடல் மாறும் ஆண்குரலும், முதற்பாடலுக்குப் பின் தலைவனுக்குத் தனிப்பாடல் இன்மையும் இதற்குச் சான்றுகள். பணிவான சொற்களால் ஆன பாடல்களே ஒரு பெண்ணைத் தன்னிறைவு பெற்ற கலைஞராக்கும் முரணையும் அவை உணர்த்துகின்றன.

சுபீர் இழந்தது இசைமை. உமா இழந்தது இசை. இரண்டும் ஒரே வேர்ச்சொல்லில் பிறந்தவை ஆயினும் இழப்பில் சமமல்ல. புகழை இழந்தவனிடம் பாட்டு எஞ்சியிருந்தது; பாட்டை இழந்தவளிடம் எஞ்சியது மௌனமே. இவ்வேறுபாட்டை உணர்ந்து கேட்கும்போது, அரை நூற்றாண்டைக் கடந்த இப்பாடல்களின் இனிமை குறைவதில்லை. அவ்வினிமைக்கு ஒரு வீட்டுக்குள் யார் விலை கொடுத்தார் என்பதும் உடன் கேட்கத் தொடங்குகிறது.